வளைந்த நாற்காலிக் கால்கள்: டெம்ப்ளேட் வேலைக்கு எந்த ரவுட்டர் பிட்?

கோணமட்டம்:

நாற்காலிகளின் பின்கால்கள் நான்கு செய்ய வேண்டும். எஸ் வடிவ வளைவு, கட்டையின் தடிமன் 40 மி.மீ., அகலம் 45 மி.மீ. 12 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் (மரநார் அழுத்திச் செய்தது) டெம்ப்ளேட், அதாவது வடிவ அச்சு, தயார். உள்வளைவில் மிக இறுக்கமான இடத்தின் ஆரம் 15 மி.மீ. கையில் இருப்பவை: 6.35 மி.மீ. கோலெட் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள சின்ன ரவுட்டர் (சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் மின்கருவி), 12.7 மி.மீ. கோலெட் உள்ள பெரிய ரவுட்டர், அதை மாட்ட ஒரு ரவுட்டர் டேபிள்.

கேள்விகள்:

டெம்ப்ளேட் ஓரத்தில் உருளும் பேரிங் நுனியில் இருக்கும் பிட் வாங்குவதா, ஷாங்க் (கோலெட்டுக்குள் போகும் தண்டு) பக்கம் இருப்பதா? 25 மி.மீ. வெட்டு நீளமுள்ள பிட்டை வைத்து 40 மி.மீ. கட்டையை முடிக்க வழி உண்டா? சோதனைத் துண்டில் வளைவின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வருகிறது, மறுபக்கம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்கிறது. பிட்டின் கோளாறா, ஓட்டும் முறையின் கோளாறா?

இதே டெம்ப்ளேட் முறையில் 12 மி.மீ. ஆழத்தில் அடிமட்டமான ஒரு பள்ளமும் எடுக்க வேண்டும். அதற்குத் தனி பிட் வேண்டுமா?

---

இழைப்புளி:

பேரிங் எங்கே இருக்க வேண்டும் என்பதை டெம்ப்ளேட் எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். கையில் பிடித்து ஓட்டும்போது டெம்ப்ளேட் கட்டையின் மேலே இருந்தால் ஷாங்க் பக்க பேரிங். கீழே இருந்தால் நுனி பேரிங். டேபிளில் பிட் தலைகீழாக நிற்பதால் இது அப்படியே மாறிவிடும்: டெம்ப்ளேட் கட்டைக்கு மேலே என்றால் நுனி பேரிங், டேபிள் பலகையை ஒட்டிக் கீழே என்றால் ஷாங்க் பேரிங். டேபிளில் டெம்ப்ளேட் மேலே இருப்பது நல்லது. பேரிங் எதன் மேல் ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பலர் கவனிக்காத ஒன்று. ஷாங்க் பக்க பேரிங்கின் நடுத்துளை ஷாங்க் அளவே இருக்கும், அதன் வெளிவிட்டம் வெட்டும் விட்டத்துக்குச் சமமாக இருக்கும். அதனால் இந்த வகையில் வெட்டும் விட்டம் ஷாங்க்கைவிடக் கணிசமாகப் பெரிதாகத்தான் இருக்க முடியும். 6.35 ஷாங்க்குக்கு வழக்கமாக 12.7 மி.மீ. வெட்டு, 12.7 ஷாங்க்குக்கு 19 மி.மீ. வெட்டு. "12.7 ஷாங்க், 12.7 வெட்டு, ஷாங்க் பேரிங்" என்று தேடினால் கிடைக்காது. நுனி பேரிங்குக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கே பேரிங் சின்ன திருகில்தான் நிற்கிறது.

40 மி.மீ. கட்டைக்கு 6.35 ஷாங்க்கை மறந்துவிடுங்கள். ஒரு தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12.7 ஷாங்க் அதே நீளத்தில் 16 மடங்கு விறைப்பு. கோலெட்டுக்கு வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. வெட்டிய முகத்தில் அலை அலையாகத் தெரியும் தடங்களுக்குப் பெரும்பாலும் பிட் கூர்மை காரணமல்ல, இந்த நீட்டல்தான் காரணம்.

25 மி.மீ. பிட்டை வைத்து 40-ஐ முடிக்க, கையில் ஓட்டும் முறை:

1. முதலில் பேண்ட்சா அல்லது ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்துவிடுங்கள். 3 மி.மீ.க்கு மேல் விட்டால் பிட் மோதும், 1-க்குக் கீழே விட்டால் அறுத்த தடம் சில இடங்களில் மிஞ்சும்.

2. டெம்ப்ளேட் மேலே, ஷாங்க் பேரிங் பிட். பேரிங்கின் கீழ் விளிம்பு டெம்ப்ளேட்டின் அடிமட்டத்துக்கு 1 அல்லது 2 மி.மீ. மேலே நிற்கட்டும். இப்போது கட்டையில் சுமார் 23 மி.மீ. ஆழம் சுத்தமாகிவிடும்.

3. டெம்ப்ளேட்டைக் கழற்றி, கட்டையைத் திருப்பிப் போடுங்கள். வெட்டாத 17 மி.மீ. இப்போது மேலே. நுனி பேரிங் பிட்டை மாட்டி, பேரிங் கீழே ஏற்கெனவே வெட்டிய முகத்தில் ஓடும்படி ஆழம் வையுங்கள். வெட்டிய முகமே இப்போது உங்கள் டெம்ப்ளேட்.

இரண்டாவது ஓட்டத்துக்கு அதே ஷாங்க் பேரிங் பிட்டை இன்னும் கீழே இறக்கிச் செய்ய நினைக்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் ஷாங்க்கை கோலெட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருக்கும். குறைந்தது 20 மி.மீ. ஷாங்க் கோலெட்டுக்குள் இருந்தே ஆகவேண்டும். அடிவரை தள்ளி முட்ட வைக்கவும் கூடாது. முட்டிய பின் 2, 3 மி.மீ. மேலே தூக்கி இறுக்குங்கள்; இல்லையென்றால் கோலெட் இறுகும்போது ஷாங்க்கைக் கீழே இழுக்க இடமில்லாமல் அரைகுறையாகப் பிடிக்கும்.

---

வைரம்பாய்ந்தது:

மேலே சொன்னது சரி. ஆனால் 45 மி.மீ. அகலக் காலின் மேல் ரவுட்டரைக் கையில் ஓட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடித்தட்டில் பாதிக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். ஒரு கணம் கை சரிந்தால் பிட் கட்டைக்குள் குழி பறித்துவிடும். ஓட்டியே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் டெம்ப்ளேட்டும் கட்டையும் சேர்ந்த உயரத்துக்கு ஒரு துணைக்கட்டை வைத்து அடித்தட்டைத் தாங்க வேண்டும். இவரிடம் டேபிள் இருக்கிறது. கால் வேலை டேபிள் வேலைதான்.

சிலாம்பு விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் கேள்வியின் உயிர்நாடி.

ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சிலாம்பு என்றால் பிட்டின் மேல் குற்றமில்லை. நார் ஓட்டம். நேரான நாருள்ள பலகையில் வளைவு வெட்டும்போது, வளைவின் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் பகுதியில் பிட் நாரைப் படியவைத்து வெட்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் பகுதியில் நாரின் நுனிகளைக் கிளப்பிவிடும். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவுவது மாதிரி. வெளிவளைவில் உச்சியிலிருந்து இரு பக்கமும் இறங்க வேண்டும், உள்வளைவில் இரு பக்கமிருந்தும் நடுப்பள்ளத்துக்கு இறங்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் ரவுட்டர் ஒரு திசையில் மட்டும்தான் பாதுகாப்பாக ஓடும். டேபிளில் கட்டை உங்கள் பக்கம், பிட் அதற்கு அப்பால் என்றால் வலமிருந்து இடம். எனவே எஸ் வளைவின் ஒவ்வொரு மேட்டிலும் பாதி இறக்கம், பாதி ஏற்றம். ஏற்றப் பகுதிகளை விட்டுவிட்டு இறக்கப் பகுதிகளை மட்டும் முதலில் முடியுங்கள். பிறகு கட்டையை டெம்ப்ளேட்டோடு சேர்த்துக் குப்புறத் திருப்புங்கள். முன்பு ஏற்றமாக இருந்தவை இப்போது அதே வலமிருந்து இடம் ஓட்டத்தில் இறக்கம்.

திருப்பியதும் டெம்ப்ளேட் மேலிருந்து கீழே போய்விடும். நுனி பேரிங் இனி உதவாது, ஷாங்க் பேரிங் வேண்டும். இதற்காகத்தான் இரண்டு முனையிலும் பேரிங் உள்ள பிட் இருக்கிறது. பிட்டைக் கழற்றாமல் உயரத்தை மட்டும் மாற்றினால் போதும்: டெம்ப்ளேட் மேலே இருக்கும்போது நுனி பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடும் உயரம், திருப்பிய பிறகு கீழ் பேரிங் தொடும் உயரம். நிபந்தனை ஒன்று, வெட்டு நீளம் கட்டையின் தடிமனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பேரிங் வெட்டாத மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு 42 மி.மீ. அல்லது அதற்கு மேல். 12.7 ஷாங்க் தவிர வேறு எதிலும் இந்த நீளத்தை வாங்காதீர்கள்.

விட்டம்: உள்வளைவின் ஆரம் 15 என்றால் பிட்டின் ஆரம் 15-க்குக் குறைவாக இருக்க வேண்டும். 19 மி.மீ. தாராளமாகப் போகும். 28 மி.மீ. விட்டமும் (ஆரம் 14) போகும், மயிரிழை இடைவெளிதான். பொருந்தும் அளவுகளில் பெரியதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரிய விட்டத்தில் வெட்டு விளிம்பு மரத்தைவிட்டு வெளியேறும் கோணம் தட்டையாக இருக்கும், நாரைக் கிளப்பும் வேகம் குறையும். சின்ன பிட் செங்குத்தாகக் கொத்தி எடுக்கும். 28 மி.மீ.க்கு வேகத்தை நிமிடத்துக்கு 16,000 சுற்று அளவில் வையுங்கள், 19 மி.மீ. நீளப் பிட்டுக்கு 18,000. கத்தலோ நடுக்கமோ வந்தால் இன்னும் இறக்குங்கள்.

---

சீவல்சுருள்:

நேர்விளிம்பு பிட் பற்றியே பேசுகிறீர்கள். சுருள் பிட் வாங்கினால் பாதிப் பிரச்சினை போய்விடுமே? அதுவும் இரு திசைச் சுருள் உள்ள கம்ப்ரெஷன் வகை. நேர்விளிம்பு ஒரே அடியாக முழுத் தடிமனையும் அறையும், சுருள் ஒவ்வொரு புள்ளியாகச் சீவிக்கொண்டு போகும். சத்தமும் குறைவு.

---

வைரம்பாய்ந்தது:

சுருள் சுத்தமாக வெட்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிர்நாரில் பெயர்வதை அது குறைக்கும், நிறுத்தாது. அது கைகண்ட வேலை செய்வது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும், அதாவது பிளைவுட் மாதிரி முகப்பு பெயரும் இடங்களில். கம்ப்ரெஷன் வகையின் பயனே அங்கேதான்: மேல் பாதி கீழ்நோக்கியும் கீழ் பாதி மேல்நோக்கியும் தள்ளுவதால் இரண்டு முகமும் பெயராது. திட மரத்தில் வளைவின் நடுவே நார் கிளம்புவது வேறு நோய்.

சுருள் வாங்குகிறவர்கள் திசையைப் பார்த்து வாங்க வேண்டும். மேல்வெட்டுச் சுருள் சீவலை ஷாங்க் பக்கம் இழுக்கும். கையில் ஓட்டும்போது கட்டையையும் டெம்ப்ளேட்டையும் ரவுட்டரை நோக்கித் தூக்கப் பார்க்கும், டெம்ப்ளேட்டை ஒட்டிய டேப்பின் பிடிமானம் சரியில்லாவிட்டால் டெம்ப்ளேட் கிளம்பிவிடும். அதே பிட் டேபிளில் கட்டையைப் பலகையோடு அழுத்தும், அது நமக்கு நல்லது. கீழ்வெட்டுச் சுருள் இதற்கு நேர்மாறு: கையில் ஓட்டும்போது அழுத்தும், டேபிளில் கட்டையை மேலே தூக்கும். டேபிளில் கீழ்வெட்டுச் சுருளை இந்த வேலைக்கு மாட்டாதீர்கள்.

இன்னொன்று, திட கார்பைடு நொறுங்கும் தன்மையுள்ளது. எஃகு உடலில் கார்பைடு பதித்த நேர்விளிம்பு பிட் கீழே விழுந்தால் விளிம்பில் சில்லு போகும். திட கார்பைடு விழுந்தால் துண்டாகும். முதல் பிட்டாக, விளிம்பு சற்றே சாய்த்துப் பதித்த சாய்விளிம்பு வகை நடுவாந்தரமான தேர்வு.

---

கோணமட்டம்:

இரு பேரிங் பிட், 19 மி.மீ. என்று முடிவு செய்கிறேன். இரண்டு சந்தேகம். சின்ன ரவுட்டரின் 6.35 கோலெட்டில் 6 மி.மீ. ஷாங்க் பிட் ஒன்று இறுகுகிற மாதிரித்தான் தெரிகிறது, சின்ன வேலைக்கு ஓட்டலாமா? இரண்டாவது, பழைய நுனி பேரிங் பிட்டில் ஓட்டினால் கட்டை டெம்ப்ளேட்டைவிட 0.3 மி.மீ. வெளியே துருத்தி நிற்கிறது. எல்லா இடத்திலும் அதே அளவு.

---

இழைப்புளி:

முதலாவதற்குப் பதில், கூடாது. 0.35 மி.மீ. வித்தியாசத்தைக் கோலெட் நெரித்துப் பிடிக்கும், ஆனால் பிடி கோலெட்டின் வாய்ப்பக்கத்தில் மட்டும் இருக்கும். ஓடும்போது பிட் மெல்ல வெளியே ஊரும். ஆழம் மாறுவது தெரிவதற்குள் வேலை கெட்டிருக்கும், கழன்றால் அதைவிட மோசம். 12 மி.மீ. ஷாங்க்கை 12.7-ல் மாட்டுவதும் இதே தவறு. பிட்டுக்கு ஏற்ற கோலெட் வாங்குங்கள்.

இரண்டாவது சுவாரசியமானது. எல்லா இடத்திலும் ஒரே அளவு துருத்தினால் வெட்டும் விட்டம் பேரிங்கைவிடச் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பிட்டைச் சாணை பிடித்தார்களா? கார்பைடைத் தேய்க்கும்போது விட்டம் குறையும், பேரிங் அப்படியே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 0.3 என்றால் விட்டத்தில் 0.6 போயிருக்கிறது. வெர்னியரில் இரண்டையும் அளந்து பாருங்கள். வீட்டில் கூர்தீட்டுவதென்றால் கார்பைடின் தட்டையான முன்முகத்தை மட்டும் வைரத் தகட்டில் சில இழுப்பு, இரண்டு விளிம்புக்கும் எண்ணி ஒரே அளவு. வெளிவட்டத்தைத் தொடவே கூடாது.

சில இடத்தில் மட்டும் துருத்தினால் காரணம் வேறு: பேரிங் டேப்பின் பிசின் மேல் ஏறியிருக்கும், அல்லது டெம்ப்ளேட் ஓரத்தில் மரத்தூள் அடைந்திருக்கும். சில இடத்தில் உள்ளே குழிந்தால் டெம்ப்ளேட் ஓரம் நசுங்கியிருக்கும். எம்டிஎஃப் ஓரம் மென்மையானது, சிக்கிக்கொண்ட பேரிங் அதில் தடம் போட்டுவிடும். ஓரத்தில் தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்ததும் 180 உப்புத்தாள் போட்டால் கெட்டிப்படும். டெம்ப்ளேட்டில் உள்ள சின்னக் குழியும் நான்கு காலிலும் அச்சாக இறங்கும் என்பதால் இந்த அரைமணி நேர வேலை வீண் போகாது.

ஒவ்வொரு முறை பிட்டை மாட்டும்போதும் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் மாற்றுங்கள். பிசின் படிந்த பிட்டைக் கரைப்பானில் ஊறவைப்பவர்கள் முதலில் பேரிங்கைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துபோனால் அடுத்த வேலையிலேயே பேரிங் இறுகும். ஷாங்க் பேரிங்கை நிறுத்தும் வளையத்தின் சின்னத் திருகும் அதிர்வில் தளரும், பேரிங் மேலே ஏறிக்கொள்ளும். அப்போது வெட்டு விளிம்பு டெம்ப்ளேட்டையே தின்னும்.

---

அரைவட்டம்:

பள்ளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 25 மி.மீ. வெட்டு நீளமுள்ள ஷாங்க் பேரிங் பிட் அதற்கு உதவாது. காரணம் வெறும் கணக்கு. முதல் ஓட்டத்தில் மரத்துக்குள் 4 மி.மீ. இறக்குகிறீர்கள். மீதி 21 மி.மீ. வெட்டு விளிம்பு மேலே நிற்கும், டெம்ப்ளேட்டின் தடிமனோ 12 தான். பேரிங் டெம்ப்ளேட்டுக்கு மேலே அந்தரத்தில் சுற்றும், பிட் டெம்ப்ளேட்டை வெட்டித் தள்ளும்.

வெட்டு நீளம் 10 மி.மீ. உள்ள குட்டைப் பிட் வாங்குங்கள். 12 மி.மீ. டெம்ப்ளேட்டோடு 4 மி.மீ. இறக்கினால் வெட்டு விளிம்பின் மேல்முனை டெம்ப்ளேட்டின் மேல்மட்டத்துக்கு 6 மி.மீ. கீழே இருக்கும், 5 மி.மீ. அகல பேரிங் அதற்கு மேலே முழுதாக டெம்ப்ளேட்டில் உட்காரும். அடுத்து 8, பிறகு 12. கடைசி ஓட்டத்தில் பேரிங் பாதி டெம்ப்ளேட்டிலும் பாதி வெட்டிய சுவரிலும் ஓடும், பரவாயில்லை. பிட்டின் அடியில் வெட்டும் விளிம்பு நடுவரை வருகிறதா என்று பாருங்கள். வராத பிட்டை நேராக இறக்கினால் நடுவில் முளை நின்று மரம் கருகும். அப்படியென்றால் முதலில் துளையிட்டு அதில் இறக்குங்கள், அல்லது சரிவாக நகர்த்திக்கொண்டே இறக்குங்கள். பள்ளத்தின் உள்சுவரை ஓட்டும்போது மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்று. கட்டையின் வெளி ஓரம் என்றால் எதிர்ச்சுற்று.

12.7 மி.மீ. பிட் மூலையில் 6.35 ஆரம் விட்டுவைக்கும். அது பெரிதாகத் தெரிந்தால் பேரிங்கை விட்டு கைடு புஷ்ஷுக்கு (ரவுட்டரின் அடித்தட்டில் மாட்டி, பிட்டைச் சுற்றி நின்று டெம்ப்ளேட் ஓரத்தில் ஓடும் வளையம்) போங்கள். புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் விலகல். 16 மி.மீ. புஷ், 8 மி.மீ. பிட் என்றால் 4 மி.மீ. டெம்ப்ளேட்டின் திறப்பை ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. பெரிதாக, மொத்தத்தில் நீளமும் அகலமும் 8 மி.மீ. கூடுதலாக வெட்ட வேண்டும். மூலை ஆரம் 4-க்கு இறங்கிவிடும், எந்த நேர்விளிம்பு பிட்டும் பயன்படும், எந்த ஆழத்திலிருந்தும் தொடங்கலாம். புஷ் பிட்டுக்கு மையமாக உட்கார வேண்டும். மையக்கூம்பு இல்லையென்றால் ரவுட்டரின் கைப்பிடியை ஓட்டம் முழுக்க ஒரே திசை நோக்கிப் பிடியுங்கள். மையம் தவறியிருந்தாலும் தவறு எல்லாப் பக்கமும் ஒரே திசையில் நகரும், பள்ளத்தின் அளவு மாறாது.

---

வைரம்பாய்ந்தது:

டேபிள் வேலைக்கு விட்டுப்போனவை. டெம்ப்ளேட்டைக் கட்டையின் இரு முனைக்கும் வெளியே 25 மி.மீ. நீட்டிச் செய்யுங்கள். கட்டை பிட்டைத் தொடும் முன்பே பேரிங் டெம்ப்ளேட்டில் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், வெளியேறும்போதும் அப்படியே. நீட்டாத டெம்ப்ளேட்டில் தொடக்கமும் முடிவும்தான் குழியும். தொடக்க முளை ஒன்றை டேபிளில் மாட்டி, கட்டையை முதலில் அதில் சாய்த்து மெல்ல பேரிங்குக்குக் கொண்டுவாருங்கள். முளை இல்லாமல் பிட்டுக்குள் தள்ளினால் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பேரிங் டெம்ப்ளேட்டில் பட்டதும் முளையைவிட்டு விலகலாம்.

காலின் முனைகளில் குறுக்கு நார் வரும். அங்கே பிட் வெளியேறும் ஓரம் பிய்ந்துபோகும். ஒரு துண்டுக் கட்டையை அந்த ஓரத்தோடு ஒட்டவைத்து ஓட்டினால் பிய்வது துண்டுக் கட்டையில் நின்றுவிடும். அதைவிடச் சுலபம், முனைகளை 10 மி.மீ. கூடுதலாக விட்டு கடைசியில் அறுத்துத் தள்ளுவது.

---

கோணமட்டம்:

பழைய பிட்டை அளந்தேன். பேரிங் 12.7, வெட்டு 12.1. சாணை பிடித்ததுதான். அதை ஒரு வேலைக்காவது வைத்துக்கொள்ளலாமா?

---

இழைப்புளி:

முதல் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் 0.3 மி.மீ. மட்டும் விட்டுவைக்கும் பிட் இது, கடைசி ஓட்டத்தில் புதுப் பிட் எடுக்க வேண்டியது அவ்வளவுதான். எதிர்நாரில் இவ்வளவு மெல்லிய சீவலுக்குச் சிலாம்பு கிளம்புவது குறைவு. ஆனால் அந்தப் பிட்டில் வண்ண நாடா ஒட்டி வையுங்கள், அவசரத்தில் தவறிப்போய்க் கடைசி ஓட்டத்துக்கு எடுத்துவிடக் கூடாது.